நிறம் பார்த்து ஒட்டிய வாழ்த்து

இதை எழுத உட்காருவதற்கு எனக்குப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நோட்டு வாங்குவேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன், அப்படியே மூடி வைத்துவிடுவேன். மார்கழி வந்ததும் என் மனைவி அதை எடுத்துக் கோலப் புள்ளி வைத்துப் பார்ப்பாள். இப்படி மூன்று நோட்டுகள் கோல நோட்டுகளாகப் போய்விட்டன. சோம்பல் என்று நினைக்க வேண்டாம். இதில் நான் ஒரு பெரிய மனிதரிடம் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. சொல்லவோ கை வரவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் சந்தையில் ஒருவர் என்னிடமே சொல்கிறார்: "அந்தக் கல்யாணத்துல டேப் ரிக்கார்டர் சேவலாட்டக் கூவுச்சாமுங்க. மாப்பிள்ளை மாலையைக் கழட்டி எறிஞ்சுட்டு பஸ் ஏறிட்டானாம்." அந்த மெஷினை ஓட்டியவனே நான்தான் என்று அவருக்குத் தெரியாது. சேவல் எதுவும் கூவவில்லை. மாப்பிள்ளை பஸ் ஏறவில்லை. அவருக்கு இப்போது இரண்டு குழந்தைகள். நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று, முருகனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள். நான் மட்டும் எழுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு கல்லூரியில் அட்டெண்டர் வேலைக்குப் போனேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, பொட்டல் காட்டில் கட்டிய கல்லூரி. அங்கே ஒரு வானொலி நிலையம் இருந்தது. அதை நடத்தியவர் தமிழய்யா.

வானொலி நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. நூலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதில் ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், தையல் மெஷின் கனத்தில் ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர். அங்கிருந்து கம்பி இழுத்து விடுதி, கேன்டீன், மைதானம், சைக்கிள் கொட்டகை என்று புனல் ஒலிபெருக்கிகளைக் கட்டியிருந்தார்கள். மத்தியானம் அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் ஒலிபரப்பு. ஆனால் அறை வாசலில் 'வானொலி நிலையம்' என்று பச்சைப் பெயின்டில் எழுதிவைத்தார்கள் பாருங்கள், அதனால் வந்தது வினை. பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் ஒருவர் தன் ரேடியோ பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏனுங்க, ஒரு வாரமா முள்ளைத் திருப்பறனுங்க. இலங்கை வருது, திருச்சி வருது, உங்க ஸ்டேசன் மட்டும் வரமாட்டேங்குது."

தமிழய்யா அவரை உட்காரவைத்து, கம்பியைக் காட்டி விளக்கினார். கவுண்டர் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம தோட்டத்துக்கும் ஒரு கம்பி இழுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அய்யா உண்மையாகவே இழுத்துக் கொடுத்தார். அந்தத் தோட்டத்துக் கிணற்று மேட்டில் கட்டிய புனலுக்காகத்தான் 'பண்ணைப் பகுதி' என்று ஒன்று தொடங்கினார். கால்நடை ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை வைத்துக்கொண்டு, கோழி வளர்ப்பைப் பற்றிச் செந்தமிழில் வாசிப்பார். கோழிகளைப் பற்றி அவ்வளவு மரியாதையான தமிழை நான் வேறு எங்கும் கேட்டதில்லை.

அய்யாவின் குரலை எப்படிச் சொல்வது? கோயில் மணியை அடித்து முடித்த பிறகு ஒரு நாதம் நிற்குமே, அது மாதிரி. மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் ஓர் ஆள். மைக்கை அணைத்துவிட்டால் வேறு ஆள். "இத்துடன் இன்றைய ஒலிபரப்பு நிறைவடைகிறது" என்று சொல்லிவிட்டு, சுவிட்சைத் தட்டி, "ஏப்பா, காப்பித்தண்ணி கெடைக்குமா?" என்பார். சனிக்கிழமைகளில் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். அப்போது சின்னப் பிள்ளை. அது மேசைக்கு அடியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருக்கும். ஒலிபரப்பு முடியும் வரை வாயே திறக்காது.

மெஷினைத் துடைப்பது, வெள்ளிக்கிழமை சூடம் காட்டுவது, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பது எல்லாம் என் பொறுப்பு. அய்யா எல்லா நிகழ்ச்சியையும் டேப்பில் பிடித்துவைப்பார். அப்படி முப்பத்தொரு ஸ்பூல் சேர்ந்தது. அதில் ஒன்று எனக்கு மிகவும் வேண்டியது. எனக்குக் கல்யாணமாகி நான் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, மத்தியான ஒலிபரப்பில் அய்யா எங்களுக்கு ஒரு வாழ்த்துச் சொன்னார். என் மனைவி கோயிலுக்குப் போகும் வழியில் கல்லூரி வாசலில் நின்று அதைக் கேட்டாள். பேர் சொல்லவில்லை. அய்யா வானொலியில் யார் பேரையும் சொல்லமாட்டார். ஒருமுறை பேரை மாற்றிச் சொல்லி, உயிரோடு இருந்தவருக்கு இரங்கல் போய்விட்டது. அதனால் 'மணமக்களே' என்றுதான் ஆரம்பித்தார். பேர் இல்லாமலே அது எங்களுக்குத்தான் என்று தெரிந்தது.

எண்பதுகளின் ஆரம்பத்தில் அய்யாவுக்குத் தொண்டையில் நோவு வந்தது. வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். உயிர் இருந்தது, குரல் போய்விட்டது. அன்றிலிருந்து கழுத்தில் துண்டும், கையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற சிலேட்டும்தான். சீக்கிரமே வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டார். வானொலி நின்றுபோனது. கொஞ்ச நாளில் அந்த அறையை விளையாட்டுச் சாமான் வைக்கக் கேட்டார்கள்.

டேப்புகளைக் குப்பையில் போடச் சொன்னது என்னிடம்தான். நான் நேராகத் தலைமை எழுத்தரிடம் போய், "எனக்குக் கொடுத்துடுங்க, ஊட்டுல வெச்சுப் பாதுகாக்கறேன்" என்றேன். அவர் இருப்புப் பதிவேட்டைப் புரட்டினார். டேப்பைத் தமிழில் எழுத வேண்டும் என்று முன்பு யாரோ 'நாடா' என்று எழுதி, விடுதிச் சாமான்களோடு கட்டில் நாடா இருக்கிற பக்கத்தில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள்.

"நாடா முப்பத்தொரு சுருள்னு இருக்குது. செரி. கட்டில் எங்கப்பா?"

"கட்டில் இல்லீங்க. இது பேசற நாடாங்க."

"அது எனக்குத் தெரியுது, ரெஜிஸ்டருக்குத் தெரியுமா? கட்டில் இல்லாம நாடாவை மட்டும் கழிக்க முடியாது."

கடைசியில் விடுதியின் பின்னால் கிடந்த கால் ஒடிந்த கட்டில் ஒன்றையும் சேர்த்து எழுதினார்கள். மெஷினுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அதைக் கட்டிலின் தலைமாடு என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஆக, காகிதப்படி நான் வீட்டுக்குக் கொண்டுபோனது தலைமாட்டுடன் கூடிய பழைய கட்டில் ஒன்று, நாடாவுடன்.

மாட்டு வண்டியிலிருந்து இறக்கும்போது என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, ஊட்டுல நிக்க எடமில்ல. இதையெல்லாம் எங்க வெக்கறது?"

"அய்யாவோட குரலு இது. இதுல நம்ம வாழ்த்தும் இருக்குது."

அவள் வந்து ஒரு பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். ஆனால் எங்கள் வீட்டில் எலி அதிகம். அட்டைப் பெட்டிகளை ஒரே வாரத்தில் கடித்துவிட்டன. அட்டையில் அய்யா எழுதியிருந்த தேதி, தலைப்பு எல்லாம் எலி வயிற்றுக்குள் போய்விட்டது. அப்போது அவள்தான் ஒரு யோசனை சொன்னாள். "எல்லாத்துலயும் நடுவுல ஓட்டை இருக்குதுங்களே. வடைமாலையாட்டம் கோத்து மேல மாட்டிடலாங்க."

அப்படியே செய்தோம். முப்பத்தொரு ஸ்பூலையும் நைலான் கயிற்றில் கோத்து, சாமி படங்களுக்கு மேலே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கட்டினோம். இடையிடையே வேப்பிலைக் கொத்து. ஆஞ்சநேயர் படம் சரியாக நடுவில் அமைந்துவிட்டது. வருகிற ஒறம்பரை, விருந்தாளி எல்லாம் கேட்பார்கள். விளக்கிச் சொல்லி முடியாது என்று, "வேண்டுதலுங்க" என்று சொல்லிவிடுவேன். அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும்போது நானும் டேப்புகளுக்குச் சேர்த்தே ஒரு சுற்று சூடம் காட்டுவேன். ஐந்தாறு வருடம் இப்படிப் போனது.

ஓர் ஆனி மாதம் அய்யா வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். மேலே தொங்கிய மாலையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'மகளுக்கு ஆவணியில் திருமணம். நாமக்கல்.'

"ரொம்ப சந்தோசமுங்க அய்யா" என்றோம் இருவரும்.

துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: 'நான் வாழ்த்த வேண்டும். வாயால்.'

அவர் எங்களையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதினார்: 'உனக்குச் சொன்ன வாழ்த்து இருக்கிறதா? அதில் பெயர் வராது.'

ஊருக்கெல்லாம் பேசிய மனிதர். தன் ஒரே மகள் மணவறையில் உட்காரும்போது, சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டவா முடியும்? "இருக்குதுங்க அய்யா. கல்யாணத்தன்னைக்கு உங்க குரலு கேக்கும். நாங் கொண்டாறேன்" என்று சாமி படத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்தேன். குரல் ஒழுங்காக வந்தால் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர் போனதும் மாலையை இறக்கினோம். அப்போதுதான் தெரிந்தது. டேப்புகளில் பாதிக்கு மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. நாங்கள் வைத்த வேப்பிலையின் ஈரமோ, காட்டிய சூடப் புகையோ, தெரியவில்லை. சேலத்தில் மெஷின் பழுது பார்க்கிற ஒருவரை அழைத்து வந்தேன். மெஷினின் பெல்ட் இற்றுப்போயிருந்தது. சைக்கிள் டியூபை வட்டமாக நறுக்கி மாட்டினார். பூசணம் படாத வேறு நிற டேப் ஒன்றிரண்டை ஓட்டிப் பார்த்தோம், வேறு வருடத்து ஒலிபரப்பு வந்தது. அதை வைத்து, காபி நிற டேப்புகளில்தான் எங்கள் கல்யாண வருடத்து ஒலிபரப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். அப்படிப்பட்டவை ஐந்து இருந்தன. ஐந்திலும் பூசணம்.

போகும்போது அவர் சொன்னார்: "பெல்ட்டு பலமில்லீங்க. இனி ஒருக்கா முழுசா ஓடும். ரெண்டாந்தரம் ஓடுமான்னு சொல்ல முடியாது. சும்மாச் சும்மா போட்டுப் பாக்காதீங்க."

பூசணத்துக்கு என் மனைவி தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். பூசணம் பூத்த எதையும் நாங்கள் வெயிலில்தான் காய வைப்போம். பருப்பானாலும் பாயானாலும் அதுதான். வாசலில் கட்டிலைப் போட்டு, டேப்பைச் சுருள் சுருளாகப் பிரித்து, வடாம் காய வைக்கிற மாதிரி பரப்பினாள். காகிதப்படி நான் கொண்டுவந்த அதே கட்டில்தான். கால் வைத்துச் சரி செய்திருந்தேன். மாதம் ஆடி. அதை இருவரும் யோசிக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். வெளியே ஒரு காற்று. ஆடிக்காற்று எங்கள் பக்கத்தில் தகரக் கூரையைத் தூக்கும். ஓடிப் போய்ப் பார்த்தால் கட்டில் காலியாக இருக்கிறது. முருங்கை மரம் முழுக்க அய்யாவின் குரல் தொங்குகிறது. கம்பத்தில், வேலியில், எதிர் வீட்டு ஆட்டின் கொம்பில், எங்கே பார்த்தாலும் காபி நிறத்தில் மின்னிக்கொண்டு படபடவென்று ஆடுகிறது. தெருவில் போன ஒரு பெண் நின்று, "மாரியாத்தா நோம்பிக்கு இந்த வருசம் தோரணம் ஜோராக் கட்டியிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிடித்து இழுத்தால் நீள்கிறது. நீண்டால் குரல் கெடும் என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் சிக்கிய இடத்திலெல்லாம் கத்திரிக்கோலால் வெட்டி வெட்டி எடுத்தோம். ஆட்டை எதிர் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஐந்து டேப்பும் ஒரு முறம் நிறையத் துண்டுகளாக என் முன்னால் இருந்தது. என் மனைவி முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"நம்ம வாழ்த்தையும் சேத்து நானே வெட்டிப்போட்டனுங்களே."

இதைத்தான் அய்யாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. பத்திரிகை வைக்க வந்தபோது அவர் புருவத்தை உயர்த்திக் கேட்டார். நான், "எல்லாந் தயாருங்க அய்யா" என்றேன். அந்த நேரத்தில் முறம் அடுப்படியில் துணி போட்டு மூடிக் கிடந்தது.

சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற ஊரில் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், பட்டுத் தறிக்காரர். பாவு பிணைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். நெய்து தீர்ந்த பாவின் நூல் முனைகளோடு புதுப் பாவின் முனைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவதுதான் பிணைப்பது. ஆயிரக்கணக்கான இழை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு விரலால் அவர் முறுக்குவதைப் பார்த்தால், மனிதக் கை என்று தோன்றாது. முறத்தை மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மச்சான் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுவும் இழைதான். கொஞ்சம் அகலமான இழை. முறுக்க முடியாது, ஒட்டோணும். பஞ்சர் ஒட்டற சொல்யூசன் இருக்குது. ஏனுங்க மாப்பிள்ளை, கஞ்சி போடலாங்களா? கஞ்சி போட்டா இன்னும் பலமா நிக்குமே."

"அய்யோ மச்சான், கஞ்சி மட்டும் வேண்டாமுங்க."

"செரி செரி. எல்லாஞ் சேந்து ஒண்ணாத்தானே வேணும்?"

"ஆமாங்க. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துடுங்க" என்றேன்.

நான் கேட்டது ஒன்று, அவர் புரிந்துகொண்டது ஒன்று. எங்கள் இருவர் மேலும் தப்பில்லை. தறிக்காரருக்கு இழை என்றால் இழைதான். எது முன்னால், எது பின்னால் என்று நூல் கேட்காது. நிறம் மட்டும் மாறக் கூடாது. நிறம் மாறினால் சேலையில் கோடு விழும். பத்து நாள் கழித்துப் போனால், ராட்டையில் வைத்துக் கல் மாதிரி இறுக்கிச் சுற்றி, ஒரே பெரிய ஸ்பூலாகக் கையில் கொடுத்தார்.

"காப்பி நெறத்துல கூட நாலு வகை இருக்குதுங்க மாப்பிள்ளை. வெளிச்சத்துல வெச்சுப் பாத்து, ஒரு எடத்துலகூட நெறம் தட்டாம ஒட்டியிருக்கறன். தடவிப் பாருங்க. ஒட்டு எங்கன்னே தெரியாது."

நான் தடவிப் பார்த்தேன். தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. வீட்டுக்கு வந்து, பெல்ட்டை நினைத்துக்கொண்டு, ஆரம்பத்தை மட்டும் கொஞ்சம் ஓட்டினேன். "மணமக்களே, இல்லறம் என்னும் இனிய தேரில் ஏறியிருக்கிறீர்கள்" என்று அய்யாவின் குரல் கணீரென்று வந்தது. உடனே நிறுத்திவிட்டேன். இருவரும் தரையில் விழுந்து கும்பிட்டோம்.

கல்யாணம் நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் கோழிப் பண்ணைக்காரர்கள். மாப்பிள்ளையே ஒரு பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் முன்பாக வாழ்த்து என்று ஏற்பாடு. மெஷினை மணவறைக்குப் பக்கத்தில் வைத்து, பூ வைத்து, மண்டபத்து ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டேன். அய்யா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மைக் முன்னால் நிற்கிற மாதிரியே நிமிர்ந்து நின்றார். நான் சுவிட்சைப் போட்டேன்.

"மணமக்களே, இல்லறம் என்னும் இனிய தேரில் ஏறியிருக்கிறீர்கள்."

அய்யாவின் பழைய மாணவர்கள் சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். மணப்பெண் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். குரல் தொடர்ந்தது:

"ஒருவருக்குக் கோபம் வரும்போது மற்றவர்..."

இங்கே மெஷின் ஒரு விக்கல் விக்கியது. மச்சானின் முதல் ஒட்டு.

"...உடனடியாகத் தனிக் கொட்டகைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல் நோய் மற்றவற்றுக்கும் பரவும்."

நிறுத்தலாம் என்று கை போனது. ஆனால் நிறுத்தினால் பெல்ட் மறுபடி இழுக்குமோ இழுக்காதோ. ஆஞ்சநேயா என்று கையை எடுத்துவிட்டேன். குரல் அதே கம்பீரத்தோடு போனது.

"இரு குடும்பத்துப் பெரியோர்களையும் நாள்தோறும்..." விக்கல். "...வெதுவெதுப்பான நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைக்கவும்."

பின் வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"உங்களுக்குப் பிறக்கப்போகும் செல்வங்கள்..." விக்கல். "...விடுதியின் பின்சுவர் ஏறிக் குதித்துச் சினிமாவுக்குச் செல்வது முதல்வரின் கவனத்துக்கு வந்துள்ளது."

அடுத்து வந்தது ஒரு துண்டு, தலைகீழாக ஒட்டியது. குரல் அய்யாவுடையதுதான், ஆனால் எந்தப் பாஷை என்று சொல்ல முடியாது. கொழகொழவென்று ஓடியது. புரோகிதர் கையில் எடுத்த அட்சதையோடு நின்றுவிட்டார். என் காதருகே குனிந்து, "இது எந்த வேதமுங்க? நான் கேட்டதில்லையே" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இதற்குள் மண்டபத்தில் பாதிப் பேர் துண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கை கட்டி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"சம்பந்தி நம்ம தொழிலை எவ்வளவு கருத்தாப் படிச்சு வெச்சிருக்காரு பாருங்க. நோவு கண்டா ஒதுக்கிப்போடோணும்னு நானுந் தலப்பாடா அடிச்சுக்கறேன், எங்க பையன் கேக்கறானா? ஏய், காதுல உளுந்துச்சா?"

மணவறையில் இருந்த மாப்பிள்ளை, "உளுந்துச்சுங்கப்பா" என்றார்.

நான் அய்யாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு மனிதரின் ஒரே ஆசையை முருங்கை மரத்தில் தொங்கவிட்டு, வெட்டி, பஞ்சர் ஒட்டிக் கொண்டுவந்து, ஊர் நடுவில் வைத்துச் சந்தி சிரிக்க விட்டுவிட்டேன். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மெஷின் மறுபடி விக்கியது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல். பிறகு அய்யாவின் குரல், ஆனால் மைக் குரல் இல்லை. வீட்டுக் குரல். மெஷினை அணைக்க மறந்து பேசியிருக்கிறார்.

"ஏஞ்சாமி, மேசைக்கடியில என்ன பண்ற? முட்டாயெல்லாந் தின்னுபோட்டயா?"

ஒரு சின்னக் குரல், "உனக்கு ஒண்ணு வெச்சிருக்கறேன்" என்றது.

"வெச்சிருக்கயா! எஞ்சாமி. செரி, எந்திரிச்சு வா, ஊட்டுக்குப் போலாம். அம்மா காத்துட்டிருப்பா."

"நா வல்ல. நா இங்கயே இருந்துக்கறேன்."

"இங்கயே இருந்துக்கறயா? செரி, இருந்துக்க. எப்ப வரோணும்னு இருக்குதோ அப்ப வா சாமி. அப்பன் கதவைச் சாத்தாம வெக்கறேன்."

அவ்வளவுதான். பட்டென்று பெல்ட் அறுந்தது. சைக்கிள் டியூப் துண்டு பறந்து போய்த் தவில்காரர் மடியில் விழுந்தது. அவர் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு கெட்டிமேளமே கொட்டிவிட்டார். புரோகிதர் பதறிப்போய்த் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை கட்டிவிட்டார். நேரம் சரியாகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

மணப்பெண் தாலி கட்டும்போது அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக. அப்புறம்தான் நான் அய்யாவைப் பார்த்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. சத்தமே வரவில்லை. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று குரல் இல்லாத மனிதரிடம் கண்டுபிடிக்க முடியாது.

பந்தி நடக்கும்போது என்னைக் கூப்பிட்டார். நான் போய்க் காலில் விழுந்தேன். முருங்கை மரத்திலிருந்து முறம் வரைக்கும், அடுப்படித் துணி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். தயார் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிலேட்டில் எழுதினார்: 'ஒட்டியது யார்?'

"எங்க மச்சானுங்க. நெறம் பாத்து ஒட்டீட்டாருங்க."

துடைத்துவிட்டு எழுதினார்: 'அவருக்கு என் வணக்கம்.' மறுபடி துடைத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு பெரிய எழுத்தில் எழுதினார்: 'பிரிக்காதே. இப்படியே இருக்கட்டும்.'

அன்று சாயங்காலமே ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனோம். போகிற வழியில் என் மனைவியிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். குரல் ஒழுங்காக வந்தால் என்றுதான் வேண்டியிருந்தேன். வந்ததை ஒழுங்கு என்று சொல்லலாமா? வடைமாலை சாத்தலாமா, கூடாதா?

"ஏனுங்க, ஆஞ்சநேயருக்கு வேண்டுனது வடை. வரிசை இல்லீங்க" என்றாள். சாத்திவிட்டு வந்தோம்.

பிறகு சேலத்தில் கேசட் பதிவு செய்கிற ஒருவர், எல்லாவற்றையும் வெட்டி முன்பின் சரிசெய்து தருவதாகச் சொன்னார். எங்கள் வாழ்த்தும் முழுதாகக் கிடைக்கும் என்றார். என் மனைவிக்குக் கொஞ்சம் ஆசைதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இருப்பது இருக்கிறபடியே, விக்கலோடு, ஒரு கேசட்டில் பிடித்து வாங்கி அய்யாவின் மகளுக்குக் கொடுத்தேன். ஆடிக்கு அழைப்பு வைக்காவிட்டாலும் அந்தப் பெண் தாய் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். அய்யா இருந்தவரைக்கும் பகலில் அந்த வீட்டுக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. மற்ற இருபத்தாறு ஸ்பூல்கள் இன்னும் எங்கள் வீட்டில் சாமி படங்களுக்கு மேலேதான் தொங்குகின்றன. வேப்பிலை மட்டும் வைப்பதில்லை.

இதைப் படிக்கிறவர்களை நான் கைகூப்பிக் கேட்பது ஒன்றுதான். யாரிடமாவது இதைச் சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சேவலைக் கூவ விடாதீர்கள், மாப்பிள்ளையை பஸ் ஏற்றாதீர்கள். நன்றாக இருக்கிறது என்று எங்கேயோ கிடந்த துண்டை எடுத்து இதில் ஒட்டிவிடாதீர்கள். ஒட்டு எங்கள் மச்சான் போட்டது போதும். நான் சொன்னதை நான் சொன்ன வரிசையிலேயே, வெட்டாமல், அடுத்தவர் காதில் சேர்த்துவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.